பத்து புள்ளி நான்கு

வாங்குமுன் அளந்தோம்.
அக்காவிடம் தையல் டேப், என்னிடம் இரும்பு டேப்.
கால் அங்குலம் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.
படகின் உள்ளகலம் ஆறடி சொச்சம்;
எதிரெதிரே வந்தால்
ஒருத்தி கழிப்பறைக்குள் ஒதுங்க வேண்டும்.
இதற்குள் ஒரு ஃப்ரீசருக்கு இடம் கேட்டாள் ஹெஸ்டர்,
இலையில் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்பதுபோல.

கடையில் நின்ற வெள்ளைப் பெட்டி மலிவு.
ஆனால் அதற்கு வீட்டு மின்சாரம்தான் இறங்கும்,
இன்வெர்ட்டர் இராமுழுக்கக் கண்விழித்துப் பாலூட்ட வேண்டும்.
பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது ஐந்து மடங்கு விலை.
நாற்பது லிட்டர். மேலே திறக்கும் மூடி.
"முன்பக்கம் திறக்கிற ரகம் வாங்கினால்
கால்வாய்க்குத்தான் குளிரூட்டுவீர்கள்" என்றார்
நிலக்கரிப் படகு லெனாக்ஸ்,
ஒரு மூட்டையை எங்கள் கூரையில் இறக்கியபடி.
குளிர் கனமானதாம்.
மூடியைத் திறந்தாலும் சட்டித் தயிராய் அடியிலேயே கிடக்குமாம்.

முன்முனைப் படிக்கட்டின் கீழே வைத்தோம்,
நீர்மட்டத்துக்கும் கீழே,
கோடையிலும் இரும்பு சில்லிட்டிருக்கும் மூலையில்.
மூச்சுவிட நான்கு விரல் இடைவெளி.

முதல் இரவு
ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது.
நின்றது. மின்னியது.
பின்முனையில் பாட்டரி பன்னிரண்டரை காட்டுகிறது,
முன்முனையில் பெட்டி பட்டினி என்கிறது.
இரண்டுமே பொய் சொல்லவில்லை.
நடுவே பதினேழு மீட்டர் மெல்லிய கம்பி,
போக ஒன்று, வர ஒன்று.
மோட்டார் உதைத்துக் கிளம்பும் அந்த நொடியில்
வந்து சேர்வது பத்து புள்ளி நான்குக்கும் கீழே.
மீதியை வழியே தின்றுவிடுகிறது.

எனக்கு இது புதிதல்ல.
சுக்கானருகே நின்று ஹெஸ்டர் "நிறுத்து" என்பாள்,
எஞ்சின் தடதடப்பைத் தாண்டி
முன்னால் என்னிடம் வருவது "று".
இருபது வருடம் அவள் இன்வர்னஸ், நான் பிரிஸ்டல்.
ஞாயிறுதோறும் பேசினோம்.
அந்த முனையில் எவ்வளவு கிளம்பியது,
இந்த முனையில் எவ்வளவு இறங்கியது,
யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

கட்டைவிரல் தடிமனில் செம்பு வாங்கினோம்.
இரண்டு நாள் அலமாரிகளுக்கு அடியில் தவழ்ந்தோம்,
அவள் அங்கிருந்து தள்ள, நான் இங்கிருந்து இழுக்க.
நடுவில், அடுப்புக்குப் பின்னால், ஒருமுறை
கம்பிக்குப் பதில் அவள் விரலை இழுத்துவிட்டேன்.
வைதாள். அது முழுசாகக் கேட்டது.

ஜூலையில் சூரியத் தகடு வள்ளல்.
மதியத்துக்குள் பாட்டரி நிறைந்துவிடும்,
பட்டாணி, மீன் துண்டுகள்,
செப்டம்பரில் கரையோர வேலியில் பறித்த டாம்சன் பழங்கள்,
ஹெஸ்டர் என்று பெயர் எழுதிய ஒரு டப்பா ஐஸ்கிரீம்.
டிசம்பரில் அதே தகடு கஞ்சன்,
நாளெல்லாம் நின்றாலும் பத்து ஆம்ப் தேறாது.
இரவு எட்டுக்கு மேல் எஞ்சின் ஓட்டக்கூடாது;
கரைக்காரர்களுக்கும் தூக்கம் உண்டு.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை
ஆட்லம் மதகுகளுக்குக் கீழே மாட்டிக்கொண்டோம்.
மைனஸ் ஆறு. கால்வாய் இறுகிவிட்டது.
அறுநூறு பவுண்டுப் பெட்டி உள்ளே முனகிக்கொண்டிருக்க,
ஒரு தகட்டு இரும்புக்கு அப்பால்
தண்ணீர் காசில்லாமல் உறைந்துகொண்டிருந்தது.
நான்தான் சுவிட்சை அணைத்தேன்.
எல்லாவற்றையும் நிலக்கரி வாளியில் அள்ளிக்
கூரையில் வைத்து, மேலே
மதகுச் சாவியைப் பாரமாக வைத்தேன்.

காலையில் பனிக்கட்டிமேல் காலடிகள்,
அக்கரையிலிருந்து நேராக, தயங்காமல்.
நரி. நடக்கக் கிடைத்த தண்ணீரை அது வீணாக்கவில்லை.
மதகுச் சாவி தள்ளிக் கிடந்தது.
மீன் துண்டுகள் இல்லை, அட்டைப்பெட்டி மட்டும்.
பட்டாணியைத் தொடவில்லை.
மீட்டர்: பன்னிரண்டு புள்ளி ஆறு.

எஞ்சின் இல்லை. ஒரு வாத்துகூட இல்லை.
பின்முனைக் கதவைத் திறந்து ஹெஸ்டர் கேட்டாள்,
"என் ஐஸ்கிரீம் இருக்கிறதா?"
படகு நீளம் முழுக்கக் கடந்து
ஓர் எழுத்தும் சிந்தாமல் வந்து சேர்ந்தது.